கார்பிரிட்ஜ் பாலத்தடியில் வசந்தம் எப்போது வருகிறது?

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் பகுதியில், இன்வர்னஸிலிருந்து தென்கிழக்கே போனால் கார்பிரிட்ஜ் என்று ஒரு சின்ன ஊர் வரும். ஊர்ப்பெயரிலேயே பாலம் இருக்கிறது. உலக ஓட்ஸ் கஞ்சிப் போட்டி அக்டோபரில் இங்கேதான் நடக்கும், அதை விட்டால் வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்துவது அந்தப் பாலத்தைப் பார்க்கத்தான். 1717இல் கட்டியது. ஹைலேண்ட்ஸின் மிகப் பழைய கற்பாலம் என்று சொல்வார்கள். பாலம் என்று சொன்னாலும் இன்றைக்கு நிற்பது ஒரே ஒரு வளைவுதான்: கைப்பிடிச் சுவர் கிடையாது, பக்கச் சுவர் கிடையாது, மேலே நடக்கும் பாதை கிடையாது, ஒழுங்கில்லாத கற்களை ஒன்றோடொன்று கடித்து நிற்கவைத்த ஒரு மெல்லிய முதுகெலும்பு டல்னெய்ன் ஆற்றுக்கு மேலே அப்படியே வளைந்து நிற்கிறது. யாரும் அதில் ஏறுவதில்லை, ஏறவும் கூடாது. பக்கத்திலேயே இருக்கும் சாலைப்பாலத்தில் கார்கள் போய்க்கொண்டிருக்கும்.

இந்த இடத்துக்கு மார்ச் மாதத்தில் போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புவார்கள். காலண்டரில் வசந்தம் தொடங்கிவிட்டது என்று போட்டிருக்கும், மனத்தில் மஞ்சள் பூவும் ஆட்டுக்குட்டியும் ஓடிக்கொண்டிருக்கும், நேரில் பார்த்தால் பழுப்புப் புல், மொட்டை மரம், கறுப்புத் தண்ணீர், மலைமேல் பனி. இதுவா வசந்தம் என்று கேட்டால், ஆமாம், இதுதான். தமிழில் இதற்குக் கச்சிதமான ஒரு சொல் உண்டு, பின்பனி. மாசியும் பங்குனியும் சேர்ந்த அந்த இரண்டு மாதம், கணக்குப் பார்த்தால், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை வரும். ஹைலேண்ட்ஸில் வசந்தத்தின் முதல் அறிகுறிகள் தெரிகிற காலமும் ஏறக்குறைய அதேதான். இளவேனில் அங்கே ரொம்பத் தாமதமாக வரும், மே மாதம்தான். அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் பனியின் பின்பகுதி. அந்தப் பின்பகுதிக்குள்ளேதான் வேலைகள் சத்தமில்லாமல் தொடங்கிவிடுகின்றன.

எப்படித் தொடங்குகின்றன என்று புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும். அங்கே உயிர்கள் இரண்டு கடிகாரங்களைப் பார்த்து வாழ்கின்றன. ஒன்று வெளிச்சத்தின் கடிகாரம், இன்னொன்று வெப்பத்தின் கடிகாரம். வெளிச்சக் கடிகாரம் துளியும் பிசகாது. வெப்பக் கடிகாரம் ஒரு நாள் ஓடும், இரண்டு நாள் நிற்கும், சில நேரம் பின்னாலும் போகும். பழைய பாலத்தடி மாதிரி, கல்லும் தண்ணீரும் மரமும் சேர்ந்து இருக்கிற ஓரிடத்தில் நின்றால் இரண்டு கடிகாரத்தையும் ஒரே சமயத்தில் பார்த்துவிடலாம்.

முதலில் வெளிச்சம். கார்பிரிட்ஜ் 57 டிகிரி வட அட்சரேகையைத் தாண்டி இருக்கிறது. டிசம்பர் 21ஆம் தேதி அங்கே பகல் ஆறரை மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பிப்ரவரி தொடங்கும்போது எட்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும், மார்ச் 20 வாக்கில் பன்னிரண்டு. அந்தச் சமயத்தில் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட நான்கரை நிமிடத்துக்கும் மேல் நீள்கிறது, வாரத்துக்கு அரை மணி நேரம். சென்னையில் அதே நாட்களில் பகல் தினமும் ஒரு நிமிடம்கூட நீளாது, அதனால் நமக்கு இது ஒரு செய்தியாகவே படுவதில்லை. வடக்கே இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய செய்தி. குளிர் குறையாமலே இருக்கலாம், ஆனால் போன வாரம் விளக்குப் போட்டுக்கொண்டு செய்த வேலையை இந்த வாரம் வெளிச்சத்திலேயே செய்கிறார்கள்.

பறவைகளுக்கு இது இன்னும் நேரடியாகத் தெரியும். பகல் நீளத்தைத் தெரிந்துகொள்ள அவற்றுக்குக் கண்கூட வேண்டியதில்லை. மண்டையோட்டைக் கடந்து உள்ளே போகிற வெளிச்சத்தை மூளைக்குள்ளேயே இருக்கும் சில உயிரணுக்கள் உணர்ந்துகொள்கின்றன. பகல் ஓரளவுக்கு மேல் நீண்டதும் அங்கிருந்து ஹார்மோன் வேலை தொடங்கி, குளிர்காலம் முழுக்கச் சுருங்கிக் கிடந்த இனப்பெருக்க உறுப்புகள் வளர ஆரம்பிக்கும். வெளியே பனி பெய்துகொண்டிருந்தாலும் சரி.

இந்தக் கடிகாரத்தை ஆற்றோரத்தில் யார் முதலில் காட்டிக்கொடுப்பார் என்றால், டிப்பர் என்கிற பறவை. குண்டான உடம்பு, குட்டை வால், சாக்லேட் பழுப்பு நிறம், மார்பில் பளிச்சென்று வெள்ளை. தண்ணீர் நடுவே ஒரு கல்லில் நின்றுகொண்டு முழங்காலை மடக்கி மடக்கி எழும், தோப்புக்கரணம் போடுகிற மாதிரி. பிறகு திடீரென்று ஆற்றுக்குள் நடந்தே இறங்கிவிடும். விழுந்துவிட்டது என்றுதான் முதல் முறை பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அது அடியில் சிறகை அடித்து நீந்திக்கொண்டும், கூழாங்கற்களைப் பிடித்து நடந்துகொண்டும் பூச்சிப்புழு தேடிக்கொண்டிருக்கும். ஹைலேண்ட்ஸின் பழைய மொழியான கேலிக்கில் இதற்குத் தண்ணீர்க் கொல்லன் என்று அர்த்தம் வரும் பெயர் ஒன்று உண்டு. உறைந்துபோகாத ஆறு இருக்கும்வரை இது எங்கும் வலசை போகாது. நடுக்குளிர்காலத்திலும் பாடும், ஆணும் பாடும், பெண்ணும் பாடும். ஆற்றின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டுமே, அதனால் குரல் கொஞ்சம் கீச்சென்று கரகரப்பாக இருக்கும், இனிமை என்று சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் இந்தப் பறவை அலகு நிறையப் பாசியை எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்கலாம். கூடு ஒரு பாசிப் பந்து, வாசல் தண்ணீரைப் பார்த்துக் கீழே திறந்திருக்கும். அருவிக்குப் பின்னால், பாறை இடுக்கில், அப்புறம் ரொம்பப் பிரியமாகப் பழைய பாலங்களின் அடியில். ஏன் பழைய பாலம் என்றால், கான்கிரீட் பாலத்தின் அடிப்பக்கம் வழவழப்பாக இருக்கும், கூடு வைக்க ஒரு விளிம்பு கிடைக்காது. ஒழுங்கில்லாத கல்லைச் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய பாலத்தில் காரை உதிர உதிர பொந்துகள் உண்டாகும். கீழே ஓடும் தண்ணீர் காவல், மேலே வளைவு கூரை. ஒரு நல்ல இடம் கிடைத்துவிட்டால் தலைமுறை தலைமுறையாக அதே பொந்தில் கூடு இருக்கும். அதே இடுக்குகளில் வௌவால்களும் குடியிருக்கும், அவை மார்ச்சில் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். பழைய பாலங்களைச் சீர்செய்கிறவர்கள் எல்லா இடுக்கையும் சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டால் இரண்டு பேருக்கும் வீடு போய்விடும். இது தெரிந்து, வேலை தொடங்கும் முன் இடுக்குகளைப் பரிசோதிப்பதை பிரிட்டனில் இப்போது வழக்கமாக்கியிருக்கிறார்கள்.

சரி, இவ்வளவு குளிரில் ஏன் இத்தனை அவசரம்? பெரும்பாலான சின்னப் பறவைகள் ஏப்ரல் கடைசி வரை காத்திருக்கும்போது டிப்பர் மார்ச்சிலேயே முட்டைக்குத் தயாராவது ஏன்? இதற்குப் பதில் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. மரத்தில் வாழும் பறவைக்குப் புழு வேண்டும், புழுவுக்கு இலை வேண்டும், இலை மே மாதம்தான் வரும். ஆற்றில் கதையே வேறு. அங்கே பூச்சிகளின் இளம்புழுக்கள் குளிர்காலம் முழுக்கக் கற்களுக்கு அடியில் தின்று வளர்ந்துகொண்டே இருக்கும். வசந்தத்தில் சிறகு முளைத்து வெளியேறும் முன்பு, அதாவது மார்ச், ஏப்ரலில், அவை இருப்பதிலேயே பெரிதாகவும் கொழுப்பாகவும் இருக்கும். வெளியேறிவிட்டால் போச்சு. ஆக டிப்பருக்கு அறுவடைக் காலம் என்பது நமக்குக் குளிர்காலமாகத் தெரிகிற அந்த வாரங்கள்தான். அறுவடை எப்போது என்று அதற்குச் சொல்வது வெளிச்சம்.

வெளிச்சத்தைப் பார்த்துக் கிளம்பி வருகிற இன்னொரு கூட்டமும் உண்டு. கடற்கரையில் குளிர்காலத்தைக் கழித்த சிப்பிபிடிப்பான்கள் பிப்ரவரி கடைசியிலிருந்து, டல்னெய்ன் போய்ச் சேரும் ஸ்பே ஆற்றின் பள்ளத்தாக்குக்குள் திரும்பும், ஆற்றங்கரைக் கூழாங்கல் திட்டில் முட்டையிட. கறுப்பும் வெள்ளையும் உடம்பு, ஆரஞ்சுச் சிவப்பில் நீண்ட அலகு, இரவிலும் வாய் ஓயாது. கேலிக்கில் இதன் பெயர் பிரீஜ் புனிதையின் வேலையாள் என்று பொருள்படும். அந்தப் புனிதையின் நாள் பிப்ரவரி 1, பழைய கேலிக் வழக்கில் வசந்தத்தின் முதல் நாள். அதே நாளில் பாம்பு பொந்தை விட்டு வெளியே வரும் என்றும் ஒரு நம்பிக்கை இருந்தது. ஸ்காட்லாந்தில் இருப்பது ஒரே ஒரு விஷப் பாம்பு, விரியன் வகை, அது உண்மையில் வெயில் காய வெளியே வருவது மார்ச்சில்தான்.

இந்த இடைவெளிக்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1752 வரை பிரிட்டன் பழைய ஜூலியன் காலண்டரில் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரே இரவில் 11 நாளைத் தூக்கிவிட்டு இன்றைய காலண்டருக்கு மாறினார்கள். அதாவது இந்தப் பாலத்தைக் கட்டிய காலத்துப் பிப்ரவரி 1 என்பது இன்றைய பிப்ரவரி 12. தேதி மாறியது, பழமொழி மாறவில்லை. வடக்கத்தி வசந்தம் பற்றிய பழைய சொல்வழக்குகள் எல்லாம் பத்து நாள் அவசரப்படுகிற மாதிரி தோன்றினால், இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாம்பு விஷயத்தில் அப்படியும் கணக்கு உதைக்கிறது, அதை நம்பிக்கை என்றே விட்டுவிடலாம்.

சிப்பிபிடிப்பானோடு ஆட்காட்டியும் வரும். நம்மூர் வயல்களில் ஆளைக் கண்டால் கத்தி ஊரைக் கூட்டுகிறதே, அதன் உறவுக்காரன், தலையில் நீண்ட கொண்டையோடு. ஸ்காட்லாந்தின் இன்னொரு மொழியான ஸ்காட்ஸில் இதற்கு ட்யூகிட் என்று பெயர், மார்ச்சில் இது திரும்பி வந்ததும் அடிக்கிற பனிப்புயலுக்கு ட்யூகிட் புயல் என்று பெயர். ஏப்ரலில் வரும் இன்னொரு புயல் குயிலின் பெயரில் இருக்கிறது. மார்ச்சின் கடைசி மூன்று நாள் கடுமையாக இருந்தால், அவை மார்ச் மாதம் ஏப்ரலிடமிருந்து கடன் வாங்கிய நாட்கள். அதற்கு முன்னால் ஒரு கிழவி வேறு இருக்கிறாள், குளிர்காலமே உருவான கிழவி, கையில் இருக்கும் கோலால் தரையைத் தட்டித் தட்டி மறுபடி உறையவைத்துக்கொண்டே இருப்பாள், கடைசியில் முடியாமல் கோலைப் புதரடியில் வீசிவிட்டுப் போவாள். இந்தப் பெயர்களை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. வெளிச்சக் கடிகாரத்தை நம்பி வந்த பறவை வெப்பக் கடிகாரத்திடம் மாட்டிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து, அந்த வாரங்களுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர்கள் அவை. ஆட்காட்டி இப்போது பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது, ஈரமான மேய்ச்சல் நிலங்களின் தண்ணீரை வடித்து உழுதுவிட்டது பெரிய காரணம். புயலின் பெயர் மிஞ்சியிருக்கிறது, பல ஊர்களில் பறவை மிஞ்சவில்லை.

இனி வெப்பத்தைப் பார்த்து நடப்பவர்கள். ஆற்றோர ஆல்டர் மரத்தின் பூக்கதிர்கள் போன கோடையிலேயே உருவாகி, விரலளவு குச்சிகளாக விறைத்துத் தொங்கிக்கொண்டிருக்கும். நாலைந்து நாள் இதமாக இருந்தால் நீண்டு தளர்ந்து மஞ்சள் தூளை உதிர்க்கும், மறுபடி உறைந்தால் அப்படியே நிற்கும். பிர்ச் மரங்கள் இலைவிடும் முன் தூரத்திலிருந்து பார்த்தால் கத்தரிப்பூ நிறத்தில் புகைபோலத் தெரியும். ஸ்பே பள்ளத்தாக்கில் மார்ச் மாத நிறம் எது என்று கேட்டால் பச்சை என்று சொல்ல மாட்டேன், இந்தக் கத்தரிப்பூ நிறத்தைத்தான் சொல்வேன். பைன் காடுகளில் சிவப்பெறும்புகளின் புற்று, ஊசியிலைகளைக் குவித்து இடுப்பளவு கட்டியது, அதன்மேல் வெயில் விழும் பக்கத்தில் எறும்புகள் கொத்தாக வந்து கிடக்கும். உடம்பைச் சூடேற்றிக்கொண்டு உள்ளே போய் அந்தச் சூட்டை விட்டுவிட்டு மறுபடி வரும். தவளைகள் குட்டையில் முட்டைக் குழைவைப் போட்டிருக்கும், அதற்குப் பிறகும் ஓர் உறைபனி வந்து மேல்பக்கத்து முட்டைகளைக் கொன்றுவிட்டுப் போகும். அடிப்பக்கத்து முட்டைகள் தப்பிக்கும். ஒரே குவியலாகப் போடுவதன் லாபம் அது.

ஆற்றின் விஷயம் மட்டும் தலைகீழ். டல்னெய்ன் மோனலீயா மலைகளில் பிறந்து ஸ்பே ஆற்றில் சேர்கிறது. செடிகொடி அரைகுறையாக மக்கிச் சேர்ந்த கரிநிலத்து ஈரத்தில் ஊறி வருவதால் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். மார்ச்சில் நாலு நாள் நல்ல வெயில் அடித்தால் ஆறும் சூடாகும் என்றுதானே நினைப்போம்? நடப்பது வேறு. வெயில் மலைமேல் பனியை உருக்கும், உருகிய நீர் நேராக ஆற்றுக்கு வரும், அதனால் இதமான நாட்களில்தான் ஆறு பெருகும், சில்லென்றும் இருக்கும். மதியம் உருகியது கீழே வந்து சேர மாலையாகிவிடும், ஆகவே வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் அந்தி நேரத்தில் நீர்மட்டம் ஏறுவதைப் பார்க்கலாம்.

இந்தக் குளிர்தான் கூழாங்கல்லுக்கு அடியில் கிடக்கும் சால்மன் முட்டைகளின் கணக்கை வைக்கிறது. நவம்பர், டிசம்பரில் தாய் மீன் வாலால் பள்ளம் பறித்து முட்டையிட்டு மூடிவிட்டுப் போயிருக்கும். குஞ்சு பொரிக்க இத்தனை நாள் என்று ஒரு கணக்குக் கிடையாது, இத்தனை டிகிரி நாள் என்றுதான் கணக்கு: தினமும் தண்ணீரின் வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வந்தால் தோராயமாக 450 முதல் 500 வரை வர வேண்டும். தண்ணீர் சராசரியாக 4 டிகிரியில் இருந்தால் நான்கு மாதம் போல ஆகும், இன்னும் குளிர்ந்தால் இன்னும் நீளும். பொரித்த பிறகும் வயிற்றில் மஞ்சள் பையோடு கல்லிடுக்கிலேயே வாரக்கணக்கில் கிடக்கும். ஸ்பே ஆற்றில் தூண்டில்காரர்களுக்குப் பருவம் பிப்ரவரி 11இல் திறந்துவிடும், அவர்கள் கடலிலிருந்து வரும் பெரிய மீனுக்காக இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள், போன ஆண்டு மீனின் குஞ்சுகளோ எங்காவது கூழாங்கற்களுக்கு அடியில் இன்னும் கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும்.

பாலத்துக்கும் இந்த மாதங்கள் லேசானவை அல்ல. பலர் நினைப்பது, வசந்தகாலப் பனியுருகல் வெள்ளம்தான் கைப்பிடிச் சுவரை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று. இல்லை. அந்த வேலையைச் செய்தது 1829 ஆகஸ்டில் இரண்டு நாள் கொட்டிய கோடை மழை. வடகிழக்கு ஸ்காட்லாந்து முழுக்கப் பாலங்களைத் தூக்கிய வெள்ளம் அது. இதே ஊரில் 1914 ஜூன் 18ஆம் தேதி ஓர் இடிமழைக்கு ரயில் பாலம் இடிந்து ஐந்து பேர் இறந்ததும் கோடையில்தான். பின்பனிக்காலம் செய்வது மெதுவான வேலை. பகலில் பனி உருகிக் காரையின் துளைகளுக்குள் நீராக இறங்கும், இரவில் அது உறையும்போது 9 சதவீதம் பெருக்கும், காலையில் ஒரு துணுக்கு உதிரும். உருகுவதும் உறைவதும் மாறிமாறி நடக்கும் மார்ச்சில் இதற்குக் குறைவிருக்காது. ஜான் நிக்கல்சன் என்ற கொத்தனார் இந்தப் பாலத்தை மே மாதம் தொடங்கி நவம்பரில் முடித்தார் என்பதில் வியப்பில்லை. சுண்ணாம்புக் காரை இறுகுவதற்குள் உறைபனி பட்டால் கெட்டுவிடும், கையில் இருந்த அவகாசமே அவ்வளவுதான். கட்டச் சொன்னவர் சர் அலெக்சாண்டர் கிராண்ட். ஆறு பெருகினால் டூதில் தேவாலயத்துக்குச் சவப்பெட்டியைக் கொண்டுபோக வழியில்லை என்பதும் கட்டியதற்கு ஒரு காரணம், அதனாலேயே சவப்பெட்டிப் பாலம் என்றும் ஒரு பெயர்.

இரண்டு கடிகாரமும் முன்பெல்லாம் முன்னே பின்னே ஆனாலும் ஒன்றையொன்று பார்த்து நடந்தன. இப்போது விலகிக்கொண்டிருக்கின்றன. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் முதல் பூ, முதல் இலை, முதல் தவளைச் சத்தம் என்று குறிக்கத் தொடங்கி, அவர் குடும்பம் 1958 வரை அந்தக் குறிப்பைத் தொடர்ந்தது. அப்படிப்பட்ட நீண்ட பதிவுகளால்தான் இந்த விலகல் நமக்குத் தெரியவே தெரிகிறது. ஹைலேண்ட்ஸில் இதற்கு மலைமுயலைவிடத் தெளிவான சாட்சி இல்லை. குளிர்காலத்தில் வெள்ளை, கோடையில் பழுப்பு, மாறும் நாளை முடிவு செய்வது பெரும்பாலும் பகலின் நீளம். 1950களின் பதிவுகளோடு ஒப்பிட்டு 2020இல் வந்த ஓர் ஆய்வின்படி, முயல் நிறம் மாறும் தேதி நகரவே இல்லை, ஆனால் பனி கிடக்கும் நாட்கள் ஆண்டுக்கு ஒரு மாதத்துக்கும் மேல் குறைந்துவிட்டன. ஆக, பழுப்பு மலையில் வெள்ளை முயல். கழுகுக்கு வெகு தூரத்திலிருந்தே தெரியும். டிப்பருக்கும் இதே சிக்கல் வரலாம் என்று நினைக்கிறேன்: ஆறு சூடாகிப் பூச்சிகள் முன்னதாகவே சிறகு முளைத்துப் போய்விட்டால், வெளிச்சத்தை நம்பிக் கூடு கட்டியவருக்குக் குஞ்சு பொரிக்கும்போது சாப்பாடு குறையும். டிப்பர் முயலைப் போல விறைப்பில்லை, வெப்பத்தையும் கொஞ்சம் கவனித்து முட்டையிடும் நாளை நகர்த்திக்கொள்ளும். எவ்வளவு தூரம் நகர்த்த முடியும் என்பதுதான் கேள்வி.

மார்ச் கடைசியில் விராலடிப்பான், மீனையே தின்று வாழும் பெரிய வேட்டைப் பறவை, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்துவிடும். பாலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கார்டன் ஏரியில்தான், பிரிட்டனிலிருந்து துடைத்தெறியப்பட்ட இந்தப் பறவை 1954இல் மறுபடி கூடு கட்டியது. ஏரியில் பனிக்கட்டி இருந்தால் அதற்கு மீன் கிடையாது. அது கிளம்பும் இடத்தில் இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை, வந்து பார்த்தால்தான் தெரியும்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் கார்பிரிட்ஜில் பாலத்தைப் படம் எடுத்ததும் கிளம்பிவிடாமல் ஒரு கால் மணி நேரம் நில்லுங்கள். பூவைத் தேடாதீர்கள். ஆற்றின் நடுவே தலை நீட்டிக்கொண்டிருக்கும் கற்களைப் பாருங்கள். அவற்றில் ஏதாவது ஒன்றின் உச்சியில் மட்டும் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளை எச்சம் இருந்தால், அது டிப்பர் தினமும் வந்து நிற்கும் கல். கண்ணை அதன்மேல் வைத்துக்கொண்டு காத்திருங்கள்.